சைரன் கிசுகிசுக்கிறார்

வந்த தும்மலைத் தலையணைக்குள் அமுக்கிக் கொன்றுவிட்டு, சைரன் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தார். மகளின் அறைக் கதவு அசையவில்லை.

"கேட்டிருக்குமா?" என்றார் கிசுகிசுப்பாக.

"எது?" என்றாள் மனைவி, அதைவிடக் கிசுகிசுப்பாக.

"தும்மல்."

"நீங்க தும்மினீங்களா?"

சைரனுக்குத் திருப்தியாக இருந்தது. இரண்டு நாள் பயிற்சிக்கு இது பெரிய முன்னேற்றம்.

சைரன் என்பது டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர். பஸ் நிலையத்தில் அவர் அறிவிப்பாளர். எந்தப் பஸ் எந்த நடைமேடை என்று பதினெட்டு வருஷமாக மைக்கில் முழங்கி முழங்கி, மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரலாகிவிட்டது. வீட்டில் அவர் "துண்டு எங்கே?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து தன் துண்டைத் தேடுவார்.

மகள் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் மூன்றே மதிப்பெண்ணில் கை நழுவிப் போனது. "இந்தத் தடவையும் கிடைக்கலைன்னா மாமா கடையிலேயே கண்ணாடி விக்கப் போயிடறேன்" என்று சொல்லியிருந்தாள். மாமா என்றால் சைரனின் மைத்துனர். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாப்பாடு மட்டும் அக்கா வீட்டில்.

அந்த மைத்துனர்தான் பற்ற வைத்தது.

"அத்தான், போன வருஷம் அவ கோட்டை விட்டது அவ தப்பில்லை. நீங்க போன்ல பேச ஆரம்பிச்சா வீட்ல ஈ கூட வழி மாறிப் போகுது. அதுக்கு நடுவுல அவ எப்படிப் படிப்பா?"

வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் சைரனுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலையில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. பரீட்சை முடியும்வரை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசக் கூடாது. அழைப்பு மணியின் ஒயர் பிடுங்கப்படும். மதியம் ஒன்று முதல் ஆறு வரை மகளின் அறைக் கதவை யாரும் தட்டக் கூடாது, திறக்கக் கூடாது, அதன் முன்னால் நின்று யோசிக்கவும் கூடாது.

மகள் படித்துப் பார்த்தாள். "அப்பா, இதெல்லாம் எதுக்கு? எனக்கு வந்து..."

"பேசாதே கண்ணு. பேசினா கவனம் சிதறும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சரிப்பா. நான் பின்னாடி ரூமுக்கு மாறிக்கிறேன். வெளிப் படிக்கட்டுப் பக்கம் கதவு இருக்கு, காத்து வரும்" என்றாள்.

பரீட்சைக்கு அப்போது இருபத்தாறு நாள் இருந்தது.

காலை ஒன்பது மணிக்கு மட்டும் அந்த அறைக்குள் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கும் உரிமையை சைரன் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"கோட்பாடு," என்று புத்தகத்தைக் கண்ணுக்கருகில் வைத்துக் கிசுகிசுத்தார். "ஏத்துக்கிட்ட வேலையைக் கவனமா செய்யாம மத்தவங்களுக்கு நஷ்டம் வந்தா, அந்த ஆளே பொறுப்பு. நிகழ்வு. காவலாளிக்கு இருமல். முதலாளி இருமல் மாத்திரைன்னு நினைச்சு தூக்க மாத்திரையைக் குடுத்துடறார். கடையில திருட்டு போகுது. முடிவு என்ன?"

"காவலாளி பொறுப்பில்லப்பா. அவரை வேலை செய்யவிடாம பண்ணினவர்தான் பொறுப்பு. நல்ல மனசோட பண்ணியிருந்தாலும் அவர்தான்."

சைரன் பின்பக்கம் திருப்பி விடையைப் பார்த்தார். சரியாக இருந்தது.

"பார்த்தியா, அமைதியா இருந்தா எப்படி வேலை செய்யுது மூளை."

மகள் புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "உங்க தொண்டைக்கு ஒண்ணும் இல்லையேப்பா?"

அமைதிக்கு வீடு பழக மறுத்தது. மணி வேலை செய்யாததால் கேஸ்காரர் வந்து அழுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சைரன் வாசலில் ஓர் அட்டை தொங்கவிட்டார்: "மணி இல்லை. தட்ட வேண்டாம். காத்திருக்கவும்." மறுநாள் அந்த அட்டையின் பின்பக்கத்தில் கேஸ்காரர் எழுதியிருந்தார்: "காத்திருந்தேன்."

கேஸ் இல்லாததால், மைத்துனர் கடையில் டீ போட வைத்திருந்த மின்சார அடுப்பு வந்தது. அதில் பட்டாணியை வேகப் போட்டுவிட்டு, விசில் சத்தம் இல்லாததால் மனைவி அதை மறந்துபோனாள். சைரன் வேலைக்குப் போன மதியம் வீடு முழுக்கப் புகை. மாடி வீட்டுக்காரர் வந்து கதவை உடைக்காத குறையாக இடித்தார்.

சாயங்காலம் அவள் கணவரிடம் கிசுகிசுத்தாள். "வீடே தீப்பிடிச்ச மாதிரி ஆயிடுச்சுங்க. மாடி வீட்டுக்காரர் கத்தின கத்தல்ல எனக்கே மயக்கம் வந்துடுச்சு."

"பொண்ணு?"

"அதான் ஆச்சரியம். கதவைத் திறந்துகூடப் பார்க்கலை. நானும் விதிப்படி தட்டலை."

சைரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "புகையிலயும் தலையைத் தூக்கலை. என்ன கவனம் பாரு. அதுவும் பலிச்சிருக்கு." மாதிரித் தேர்வில் மகள் தொண்ணூறிலிருந்து நூற்றெட்டுக்கு ஏறியிருந்தாள்.

பிரச்சினை அவரிடம்தான் இருந்தது. ஏழு மணி நேரம் மைக்கில் முழங்கிவிட்டு வந்து வீட்டில் கிசுகிசுப்பது லேசான காரியமாக இல்லை. ஒருநாள் சாப்பாட்டின் நடுவே தன்னை மறந்து "உப்பு" என்றுவிட்டார். மாடி வீட்டுக்காரர் உப்பு டப்பாவோடு இறங்கி வந்தார்.

"இப்படியே போனா பரீட்சைக்கு முந்தின நாள் உளறிடுவேன்," என்றார் மைத்துனரிடம். "வேலையிலயும் குரலைக் குறைச்சுப் பழகப் போறேன்."

"அத்தான், உங்க வேலையே கத்தறதுதானே?"

"மைக் எதுக்கு இருக்கு?"

சைரனின் அறை பஸ் நிலையத்தின் மாடியில் இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் பஸ்கள். காத்திருப்போர் கூடம் அவர் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம். அந்த வாரம் கூடத்துத் தூண்களுக்கெல்லாம் நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட் வாசனையில் அவர் மைக்கை உதட்டருகே இழுத்து, கன்றுக்குட்டியைக் கொஞ்சுவது போல அறிவித்தார்.

துறைமுகத்துக்குப் போக வேண்டிய நீச்சல் குழு ஒன்று மலையடிவாரம் பஸ்ஸில் ஏறிப் போனது. பயிற்சியாளர் அங்கிருந்து போன் செய்து, இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

சைரன் அசரவில்லை. ஒலிபெருக்கியின் சத்தக் குமிழைக் கடைசிவரை திருகினார். கிசுகிசுப்பு கிசுகிசுப்பாகவே, ஆனால் பூதாகாரமாக வந்தது. "நாலாவது... நடைமேடை..." என்று கூரை முழுக்க யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஒரு குழந்தை வீரிட்டது. வயதான பயணி ஒருவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இன்றைக்குப் போக மனசு சரியில்லை என்று வீட்டுக்கு நடந்தார்.

அடுத்து ஒரு கரும்பலகை வாங்கி நாலாவது நடைமேடைக்கு எதிரில் மாட்டினார். அதைப் படிக்க நின்ற கூட்டத்தால் நாலாவது நடைமேடையில் எந்தப் பஸ்ஸும் பின்வாங்க முடியவில்லை. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். நிலையமே அலறிக்கொண்டிருக்க, சைரன் மட்டும் அமைதியாக இருந்தார்.

ஆனால் வீட்டில் ஒரு விபரீதம். மகளின் மதிப்பெண் இறங்க ஆரம்பித்தது. நூற்றெட்டு நூற்றிரண்டானது. பிறகு தொண்ணூற்று நான்கு.

"என்ன கண்ணு ஆச்சு?"

"கவனம் நிக்க மாட்டேங்குதுப்பா," என்றாள். அவள் முழங்கையில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

"இங்க்," என்று கையை இழுத்துக்கொண்டாள்.

பாவம், எழுதி எழுதி இங்க்கில் புரள்கிறது குழந்தை என்று சைரன் உருகினார். அப்படியும் மதிப்பெண் இறங்குகிறது என்றால் வீட்டில் இன்னும் எங்கேயோ சத்தம் இருக்கிறது. அன்றிலிருந்து அவர் கிசுகிசுப்பதையும் நிறுத்தினார். சட்டைப் பையில் துண்டுச் சீட்டுகள் வைத்துக்கொண்டு எழுதிக் காட்டினார். மனைவியோடு ஒரு முழுச் சண்டை ஒன்பது சீட்டுகளில் நடந்து முடிந்தது. பத்தாவது சீட்டில் அவள், "உங்க எழுத்து புரியலை" என்று எழுதியிருந்தாள்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை நிலைய மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்க சார். உங்களைப் பத்தி மூணாவது புகார். முதல் ரெண்டும் 'கேக்கலை'ன்னு ஒரே வரி. இது அப்படி இல்லை, நல்லா வக்கணையா டைப் அடிச்சு அனுப்பியிருக்காங்க. வாசிக்கிறேன்." மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'கோட்பாடு: பொது அறிவிப்பு என்பது பொதுமக்களின் காதில் விழ வேண்டும். நிகழ்வு: இந்த நிலையத்தின் அறிவிப்பாளர் சில நாட்களாகத் தம் குரலைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் இங்கே வரும் எனக்கு இதனால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்பட்டு வருகிறது. முடிவு: இதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. அவர் குரலை அடக்கிய காரணம் எதுவோ அதுவே பொறுப்பு. இயந்திரக் குரல் எதையும் வைக்காமல், பழைய குரலையே உடனடியாகத் திரும்பத் தர வேண்டும்.' கையெழுத்து, 'தினசரி வந்து போகிறவர்'."

சைரன் சீட்டில் எழுதிக் காட்டினார்: "யாரோ வக்கீல்."

"எனக்கும் அதுதான் பயம். கோர்ட்டுக்குப் போனா நான் பதில் சொல்லணும். திங்கட்கிழமை பதிவு செஞ்ச குரல் மெஷின் வருது. நீங்க பழையபடி பேசறதா இருந்தா வேண்டாம்னு சொல்லிடறேன். இல்லைன்னா உங்களைப் பழைய டயர் கிடங்குக்குத்தான் அனுப்பணும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்க."

சைரன் இன்னொரு சீட்டில் எழுதினார்: "ஞாயிறு வரை பொறுக்க முடியாதா?"

"சார், ஊமை நாடகம் போடறதுக்கா உங்களை வேலைக்கு வெச்சிருக்கோம்?"

வீட்டுக்கு வந்து மைத்துனரை மட்டும் மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே மட்டும் கிசுகிசுக்கலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார்.

"மூணு நாள்தானே அத்தான். போய்க் கத்திட்டு வாங்க."

"அங்க கத்தினா இங்க வந்து கட்டுப்படாது. ஏற்கெனவே தொண்ணூத்து நாலுல நிக்குது. நான் ஒரு வார்த்தை உளறி, அதனால மூணு மார்க் போச்சுன்னா?"

"கிடங்குல டயர்கூடப் பேசிட்டு இருக்கப் போறீங்களா? பதினெட்டு வருஷம் அத்தான்."

"என் குரல் போனா போகட்டும். அவ கோர்ட்ல எழுந்து நின்னு பேசட்டும்."

மைத்துனருக்கு முதல்முறையாகக் கிண்டல் வரவில்லை. ஏன்டா வாயைத் திறந்தோம் என்று நினைத்தாரோ என்னவோ, அன்று சாப்பிடாமலே போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, "கிடங்குக்குச் செல்லச் சம்மதிக்கிறேன்" என்று எழுதிய கடிதத்தோடு சைரன் மாடியிலிருந்து இறங்கினார். மேலாளர் அறைக்குக் காத்திருப்போர் கூடம் வழியாகத்தான் போக வேண்டும். கூடத்தின் முனையில் பயணிகளின் பெட்டிகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, நில்லுங்க. முகம் ஏன் இப்படி இருக்கு?"

சைரன் கடிதத்தை நீட்டினார். அவள் விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

"டயர் கிடங்குக்கா? நீங்களா? யாரு அண்ணே உங்களைப் போகச் சொன்னது?"

சைரன் பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதினார்: "என் மகள் படிக்க வேண்டும். சத்தம் கூடாது."

அம்மாள் அந்தச் சீட்டைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு கூடத்தின் அந்தக் கோடியைப் பார்த்தாள். அங்கே ஒரு தூணின் பின்னாலிருந்து, சைரன் தினமும் காலையில் கேள்வி கேட்கும் புத்தகத்தின் அட்டை மட்டும் தெரிந்தது. அதில் நீலப் பெயின்ட் திட்டு.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன், பரவாயில்லை," என்று கடிதத்தை மடித்துத் தன் டோக்கன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டாள். "வீட்ல உங்க குரல் கேக்காம ஒரு எழுத்து ஏறலைன்னு உங்க பொண்ணு தினம் மத்தியானம் அந்தத் தூணுக்குப் பின்னாலதான் வந்து உக்காந்து படிக்குது, அண்ணே, இங்கயும் நீங்க வாயை மூடிட்டீங்கன்னு, அதுதான் அந்தப் புகாரை எழுதிச்சு."