அருவி முடித்த ஐந்து பாடங்கள்

படிப்பதைவிடப் படிப்பதற்குத் திட்டம் போடுவது இன்பமானது. திட்டம் போட்ட களைப்பிலேயே நான் பல நாள் தூங்கியிருக்கிறேன். (உம்மா பாவம், பிள்ளை படித்துக் களைத்துவிட்டான் என்று போர்வை போர்த்திவிடுவாள்.)

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது புள்ளியியலில் எனக்கு அரியர் விழுந்தது. சவூதியில், தம்மாமில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்த வாப்பா போனில் திட்டவில்லை. "படிப்பு வரலைன்னா இங்கன வந்துருலே. முதலாளிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்," என்றார். அதுதான் பயமாக இருந்தது. எனக்கு ஊரைவிட்டுப் போக மனமே இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரியில் எல்லோரையும் ஒரு செயலியைப் போடச் சொன்னார்கள். படிப்பு இலக்குகளை நாமே அதில் எழுத வேண்டும், முடித்ததும் டிக் அடிக்க வேண்டும். படிக்கும் நேரத்தையும் அது எண்ணும். போனில் வேறு எதையாவது திறந்தால் கோபித்துக்கொண்டு எண்ணுவதை நிறுத்திவிடும். எல்லாம் உடனுக்குடன் எங்கள் பொறுப்பாசிரியை செல்வி மேடத்துக்கும் வாப்பாவுக்கும் போய்ச் சேரும். புள்ளியியலின் ஐந்து பாடங்களும் இந்த மாதத்துக்குள் என்று எழுதினேன். (எழுதுவதில் எனக்குக் கை தாராளம்.)

ஒரு சனிக்கிழமை நல்ல சாரல். நண்பன் இசக்கி பைக்கோடு வந்து நின்றான். படிப்பு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன்.

"ஓடட்டும்லே. போனைத் திறந்தமேனிக்கே எடுத்துட்டு வா. நீ படிக்கியா குளிக்கியான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

இவ்வளவு பெரிய அறிவாளிக்கும் அரியர் இருந்தது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். குற்றாலத்தில் கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கி, செயலி திறந்திருந்த போனை அதில் போட்டுக்கொண்டு, தலை நிறைய எண்ணெயோடு மெயின் அருவிக்குள் நுழைந்தேன். தண்ணீர் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது, நெஞ்சில் தொங்கிய போனிலும் விழுந்தது. வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் படித்ததே இல்லை.

துவட்டிவிட்டுப் பார்த்தால் திரையில் பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து பாடங்களுக்கும் டிக். தண்ணீர் விழுந்த வேகத்தில் திரை தானாக அமுங்கியிருக்கிறது. அதோடு விட்டதா? 'பிறருக்குச் சொல்லித்தரத் தயார்' என்று கீழே ஒரு பொத்தான் உண்டு. அருவி அதையும் அமுக்கியிருந்தது. நான் அழிக்க வழி தேடுவதற்குள் மேடத்திடமிருந்து செய்தி வந்துவிட்டது: திங்கட்கிழமை முதல் வகுப்பு நீ எடு. வாப்பா, மாஷா அல்லாஹ் என்று அனுப்பியிருந்தார். கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

திங்கட்கிழமை கரும்பலகை முன்னால் நின்றேன். தலைப்பை எழுதினேன். அடியில் கோடு போட்டேன். கோடு கோணல் என்று அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன். செல்வி மேடம் தன் போனைப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டார்.

"ஏம்ப்பா, அஞ்சு பாடமும் ஒரே நிமிஷத்துல முடிஞ்சிருக்கு. அந்நேரம் எங்கன இருந்த?"

"குத்தாலத்துல மேடம்."

"மெயின் அருவியா, அஞ்சருவியா?" மேடம் குற்றாலத்துக்குப் பக்கத்து இலஞ்சிக்காரர்.

"மெயின் அருவி."

"அதான பாத்தேன். அஞ்சருவின்னா தண்ணி அஞ்சாப் பிரிஞ்சுல்லா விழும், ஒரு பாடமாவது பாக்கி இருந்திருக்கும்."

வகுப்பே குலுங்கியது. மேடம் வாப்பாவுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். சாயங்காலம் வாப்பா அழைத்தபோது, கதை முடிந்தது, இனி துணி மடிக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"ஏலே," என்றார்.

"சொல்லுங்க வாப்பா."

"தண்ணி நல்லா விழுதா?"

நல்லா விழுது என்றேன். சாரல் எப்படி, கூட்டம் எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். அவர் குற்றால சீசனுக்கு ஊரில் இருந்தே எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கடைசியில், "இங்கன வர வேண்டாம். அங்கனயே கிடந்து படி," என்றார்.

படித்தேன். அரியரும் ஒருவழியாகத் தீர்ந்தது. வாப்பா வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். என் கல்யாணத்துக்கு மறுநாளே இந்தக் கதையை மருமகளிடம் சொல்லிவிட்டார். இப்போது வீட்டில் நான் எந்த வேலையை முடித்துவிட்டேன் என்று சொன்னாலும் என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"நீங்க முடிச்சீங்களா, தண்ணி முடிச்சிதா?"

உள்ளறையிலிருந்து வாப்பா குரல் கொடுப்பார். "தலையத் தொட்டுப் பாரும்மா. ஈரமா இருந்தா நம்பாத."