திமில் யார் பக்கம்?

செவன் கிங்ஸ், லண்டன்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அம்மா சுலோச்சனா அவர்களுக்கு,

சபாரத்தினம் மாஸ்டர் எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். நீங்களும் பாலசுப்பிரமணியன் அண்ணையும் சுகமாகச் சவுத்தால் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ‘சம்பந்தி’ என்று அழைக்கும் உரிமை ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகும் எனக்கு இருக்கிறதா என்பது தெளிவில்லை. வெட்டித் திருத்தினால் தாள் அசிங்கமாகிவிடும் என்பதால் அப்படியே விடுகிறேன்.

என் மகள் கம்சிகாவை உங்கள் மகன் ஆதித்யாவுக்கு நிச்சயம் செய்ய வந்த இடத்தில், அவளுடைய மாட்டு இன ஆராய்ச்சியைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள்: “ஏனுங்க சார், இருக்கற மாடெல்லாம் பத்தலீங்களா? உங்க பொண்ணு எதுக்குங்க புதுசா ஒண்ணு உண்டுபண்ணோணும்?” நல்ல கேள்வி. முப்பத்திரண்டு வருடம் உயிரியல் படிப்பித்தவனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைப்பது, பசித்தவனுக்குச் சூடாகப் புட்டு கிடைப்பதுபோல. கம்சிகா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டு தொடங்கினேன்.

நான் சொன்னது சரி. இன்றும் அதையே சொல்வேன். ஸ்கொட்லாந்தின் கறுப்பு மாடு சீக்கிரம் சதை வைக்கும், இறைச்சி மெத்தென்று இருக்கும். வெயில் நாட்டில் கொண்டுபோய் விட்டால் மூச்சு வாங்கும், உண்ணி மொய்க்கும், நிழலைக் கண்டால் படுத்துவிடும். திமில் உள்ள மாடு வெயிலைத் தாங்கும், உண்ணியை அவ்வளவாக அண்டவிடாது, காய்ந்த புல்லிலும் சீவிக்கும். ஆனால் மெதுவாக வளரும், இறைச்சியும் கொஞ்சம் முரடு. இரண்டையும் சேர்த்தால் பிறக்கும் கன்று பல விஷயங்களில் தாய் தகப்பனின் சராசரியை மிஞ்சும். கலப்பு வீரியம் என்பார்கள். ஆனால் அதோடு புது இனம் வந்துவிடாது. அந்தக் கன்றுகளை ஒன்றோடொன்று சேர்த்தால் ஒன்று பாட்டனைப்போலவும் ஒன்று பாட்டியைப்போலவும் சிதறும். தலைமுறை தலைமுறையாக நல்லதைத் தெரிந்தெடுத்து, அந்தக் குணம் தவறாமல் பிறக்கும்வரை பொறுமையாக நிற்கவேண்டும். எதைத் தெரிந்தெடுப்பது என்பதைத்தான் கம்சிகா கணினியில் பார்க்கிறாள். உலகம் சூடாகிக்கொண்டு வருகிறது. குறைந்த மருந்தோடு, கிடைக்கிற புல்லில் வளரும் இறைச்சி மாடு வெயில் நாட்டு விவசாயிக்குப் பெரிய வரம்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் முகத்தில் விளங்காத சாயல் ஒன்று தெரிந்தது. விளங்காத முகத்தைக் கண்டால் உதாரணம் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது. அண்ணை சாப்பிட்ட களையில் சோபாவில் கண்ணயர்ந்திருந்தார், என் கையில் அகப்பை இருந்தது, அதால் அவரைச் சுட்டிக்காட்டி, “இப்ப பாருங்கோ, உங்கள் பக்கம் நல்ல உடம்பு, நல்ல சதைப்பிடிப்பு, ஆனால் நிழலைக் கண்டால் படுத்துவிடும். எங்கள் பக்கம் மெலிவு, ஆனால் திமில் இருக்கு. வெயில், உண்ணி, யுத்தம், கவுன்சில் வரி எல்லாத்தையும் தாங்கும். இரண்டும் சேர்ந்தால் பேரப்பிள்ளை எப்பிடி வரும்!” என்றேன். மோர் குடித்துக்கொண்டிருந்த ஆதித்யாவுக்கு அது மூக்கால் வந்தது, நீங்கள் எழும்பினீர்கள், தட்டைத் தூக்கினீர்கள், அண்ணையை உலுக்கினீர்கள், அவர் “பாயசம் வந்திருச்சா?” என்று கேட்க, நீங்கள் “நடங்க” என்று சொல்ல, கதவு சாத்தின சத்தத்துக்கு முன்வீட்டு நாய் குரைத்தது.

அதுக்குப் பிறகு இந்த வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. “சம்பந்தம் கலக்க வந்த மனிசரை மாடெண்டு சொன்ன ஆள் லண்டனில வேற ஆர் இருக்கினம்?” என்று என் மனைவி சிவகௌரி ஏசுகிறாள். “மாடெண்டு சொல்லேல்லை, மாட்டைப்போல எண்டுதான் சொன்னனான்” என்றேன். அதுக்கும் சேர்த்து ஏச்சு. கம்சிகா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்பா, சொறி, மன்னியுங்கோ எண்டு மட்டும் எழுதுங்கோ. உதாரணம் ஒண்டும் வேண்டாம்” என்றாள். பிள்ளையின் அந்த முகத்தை என்னால் பார்க்க ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன்.

‘இறைச்சி’ என்ற சொல்தான் உங்களை நோகச்செய்திருக்கும் என்று நினைக்கிறேன். நானும் சைவம்தான் அம்மா. முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் தவளை வெட்டினேன், ஒன்றையும் தின்றதில்லை. ஆகவே மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்கு அல்ல, சொன்ன நேரத்துக்கு.

இன்னொரு விஷயம். நீங்கள் கோபத்தில் தூக்கிக்கொண்டு போனது எங்கள் தட்டு, பயித்தம் பணியாரம் அடுக்கின தட்டு. பட்டுச்சேலையும் வெற்றிலையும் வைத்த உங்கள் தட்டு எங்கள் மேசையில் இருக்கிறது. இரண்டும் அப்டன் பார்க்கில் ஒரே கடையில் வாங்கினது போல; பிழை உங்களுடையது அல்ல. ஆனால் தட்டு மாறினால் நிச்சயம் முடிந்தது, பிறகு பேச்சை முறிக்கக்கூடாது என்று வந்தவுடன் வாசலில் நின்று எங்களுக்கு விளங்கப்படுத்தினது நீங்கள்தான். தட்டு மாறிவிட்டது, அம்மா. இனிக் கல்யாண நாளைச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் விளக்கும், அண்ணைக்கு நித்திரையும் என்றும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மேல் மாறாத மரியாதையுள்ள
சபாரத்தினம்

பி.கு.: முத்திரை ஒட்டி முடிக்க உங்கள் தொலைபேசி அழைப்பு வந்தது. நீங்கள் சொன்னதைச் சாட்சிக்கு எழுதிவைக்கிறேன்: “மாடுன்னு சொன்னதுக்கா சார் கோவிச்சேன்? நான் பொறந்த ஊரு காங்கேயமுங்க! எங்க ஊருக்குப் பேரு வாங்கிக் குடுத்ததே திமில் காளைதான். அந்தத் திமிலைத் தூக்கி உங்க பக்கம் வெச்சுப்போட்டு, எங்களைப் போயி குளிர் நாட்டு மாடுங்கறீங்களே, அடுக்குங்களா? சரி, தட்டைத் திருப்பிக் குடுத்துரலாம்னு பாத்தா, ரயில் ஈலிங் வர்றதுக்குள்ள இவரு பூராத்தையும் தின்னு தீத்துப்போட்டாரு. தை மாசத்துல நாள் பாருங்க!”

நாள் பார்க்கிறோம். கம்சிகா இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள். மேலே நான் விளங்கிக்கொண்டு எழுதியதெல்லாம் பிழை. ஆனால் முத்திரை வீணாகக்கூடாது என்பதால் அனுப்புகிறேன். என் உதாரணத்தை மாற்றி வாசித்துப் பார்த்த சிவகௌரி, எங்கள் வீட்டுச் சோபாவில் நாள் முழுக்கப் படுப்பது யார் என்பது இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்கிறாள். நீங்களும் அகப்பை வரும் இடத்தில் ‘உங்கள்’ என்பதை ‘எங்கள்’ என்றும், ‘எங்கள்’ என்பதை ‘உங்கள்’ என்றும் மாற்றி, அண்ணைக்குக் கேட்க ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள்.