அன்புள்ள பழசு அவர்களே

"யாருய்யா என்னைப் பழசுன்னு எழுதினது?"

திருச்சானூர் லாட்ஜின் ரிசப்ஷன் மேசையில் செல்போனைப் பட்டென்று வைத்தார் பாஸ்கர். மகள் கல்யாணத்துக்காக நகரியிலிருந்து வந்து லாட்ஜ் முழுவதையும் எடுத்திருப்பவர்.

திரையில் இருந்தது: ‘அன்புள்ள பாஸ்கர் அவர்களே, தங்கள் அறை தயார். பழசு. தட்டினால்தான் வேலை செய்யும்.’

அவர் மனைவி அகிலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பொய்யாவா எழுதிக்கினு கீறாங்க?"

லாட்ஜுக்கு ஆப் செய்துகொடுத்த ஹேமநாத்துக்கு வியர்த்தது. ஒவ்வொரு அறையின் விவரத்தையும் மெசேஜாக மாற்றும் புரோகிராமைக் கையால் எழுத அவனுக்குச் சோம்பல். விவரங்களின் தலையில் ‘@’ போட்டு அனோட்டேஷன் என்ற கட்டளைக் குறி ஒன்றை வைத்துவிட்டான். மீதியைக் கம்ப்யூட்டரே எழுதிக்கொண்டது. பெயரை எடுத்தது, அறையை எடுத்தது, லாட்ஜ் ஆட்கள் தங்களுக்குள் எழுதி வைத்த குறிப்பையும் விட்டுவைக்கவில்லை.

"ரெண்டே நிமிஷம் சார், சரி பண்ணிடறேன்!"

‘இதை விட்டுவிடு’ என்று சொல்ல இன்னொரு அனோட்டேஷன் உண்டு. அதைக் குறிப்பின் தலையில் வைக்கவேண்டும். அவசரத்தில் பெயரின் தலையில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் மறுபடி மெசேஜ் அனுப்பினான். பெயர் காணாமல் போயிற்று. காலியான இடத்தில் குறிப்பு வந்து உட்கார்ந்தது.

மாடிப்படியில் மாப்பிள்ளையின் அத்தை தேவயானி இறங்கி வந்தாள்.

"‘அன்புள்ள ராத்திரியெல்லாம் கத்தும் அவர்களே’வா? நானா கத்தறேன்? நானா?"

அவள் கத்தியதில் தெருவே திரும்பிப் பார்த்தது.

லாட்ஜ் முதலாளி எத்திராஜ் ஹேமநாத்தின் தோளை உலுக்கினார். "மன்னிப்பு மெசேஜ் போடுடா! எல்லாருக்கும் போடு!"

போட்டான். அதே புரோகிராம் வழியாகத்தான் அதுவும் போயிற்று.

மாப்பிள்ளை தருணின் போன் ‘டிங்’ என்றது. பக்கத்திலிருந்த பாஸ்கர் எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தார்.

"‘அன்புள்ள சூடே ஏறாது உடனே மாத்தணும் அவர்களே, தங்களைத் தவறாக அழைத்ததற்கு வருந்துகிறோம்.’"

எல்லார் கண்ணும் தருண்மேல் திரும்பியது.

"மாமா, சத்தியமா இல்ல மாமா..." தருணுக்குக் குரல் கீச்சிட்டது.

மணப்பெண் கௌசிகா அப்பாவைப் பார்த்தாள். "நைனா, நல்லா விசாரிச்சியா?"

"விசாரிச்சேம்மா. இதை எப்படிம்மா விசாரிக்கிறது?"

"கல்யாணம் நடக்குமா, நடக்காதா?" என்றாள் தேவயானி. ஹேமநாத் மேசைக்கு அடியில் நுழைய இடம் பார்த்தான்.

அந்த நேரம் பார்த்து, அறைகளைச் சுத்தம் செய்து குறிப்பும் எழுதி வைக்கும் பச்சையம்மாள் கைநிறைய அழுக்குத் துணியோடு வந்தாள். எத்திராஜ் அவள்மேல் பாய்ந்தார்.

"ஏம்மா, வந்த கெஸ்டுங்களைப் பத்தி இப்படியா எழுதி வைப்பே?"

பச்சையம்மாள் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயே, கெஸ்டுங்களைப் பத்தி நான் இன்னாத்துக்கு சார் எழுதப்போறேன்? பழசு ஃபேனு, கத்தறது ஏசி, சூடு ஏறாதது கீசரு!"