தெற்கிலிருந்து வந்த வெயில்

வீடு என்பது மனிதகுலம் செய்த பழைய பிழை. வீட்டின் படமே அதற்குக் கிடைத்த திருத்தம். வீடு ஒழுகும், படம் ஒழுகாது. வீட்டுக்குக் கரையான் வரும், ஒட்டடை வரும், மைத்துனர் வருவார். படத்தில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம் மட்டும் இருக்கும். அதை யாரும் பிழிய மாட்டார்கள்.

இந்தப் பேருண்மையை உலகத்துக்கு முன்பாகவே உணர்ந்த நிறுவனம் ஒன்று தாஸ்மேனியாவின் தென்கோடியில், ஹுவான் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், மாட்டுத் தீவனக் கடையின் மாடியில் இயங்கிவந்தது. பெயர் 'பகலொளி இல்லங்கள்'. உரிமையாளர் டாரில். வரைபடம் போடுவதும் அவரே. அதற்கு முன் படகு விற்றவர். விளம்பரத்துக்கு ஜசிந்தா. கணினியில் வீட்டின் படங்களை உருவாக்குவதற்கு ரோவேனா.

ரோவேனா இயற்பியல் பட்டதாரி. வயது இருபத்து மூன்று. ஒரே மூச்சில் ஐந்து சொற்களுக்கு மேல் பேச நேர்ந்தால் அவள் காது சிவந்துவிடும். நிறுவனத்துக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

நெவில் என்பவர் வீடு கேட்டு வந்தது மார்ச் மாதத்தில். கடலுக்கடியில் மூழ்கி அபலோன் சிப்பி எடுத்தவர். ஓய்வுபெற்றுவிட்டார். விரல் மூட்டுகள் வீங்கி, தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தார்.

"முப்பத்தோரு வருஷம் பச்சைத் தண்ணியில கிடந்தேன்" என்றார். "எனக்குப் பெரிய வீடெல்லாம் வேணாம். ஒரே ஒரு ரூம் போதும். குளிர்காலத்துல வெயில் வந்து என் மேல விழணும். அவ்வளவுதான்."

"கவலையை விடுங்க நெவில்" என்றார் டாரில். "வெயில்தான் எங்க தொழிலே."

ஒரு மனையில் வெயில் எங்கே விழும் என்று அறிய, அந்த மனைக்குப் போய் நின்று பார்ப்பது பழைய முறை. பூட்ஸில் சேறு ஒட்டும். டாரில் நவீன முறையைக் கையாண்டார். "நாலு பக்கத்துக்கும் படம் போடு ரோவேனா. ஜூலை மாசம், காலை பத்தரை. எதுல வெயில் அம்சமா விழுதோ அங்கதான் வெயிலறை."

தெற்குப் பக்கத்துப் படத்தில் வெயில் அம்சமாக விழுந்தது. மரத் தரையில் தேன் ஊற்றியதுபோல் கிடந்தது. நெவில் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வீடு முடியும் வரை தங்கியிருக்க லான்செஸ்டனில் உள்ள தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நகராட்சியும் முத்திரை குத்தியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மனையில் முளை அடித்துக்கொண்டிருந்த காங்கிரீட் மேஸ்திரி கிளைவ் தொலைபேசியில் கூப்பிட்டார். ரோவேனா எடுத்தாள்.

"ஏம்மா, இந்தப் பெரிய கண்ணாடி ரூம் தெற்கு பாத்துதானே?"

"ஆமா."

"வேணும்னுதான் வெச்சீங்களா?"

"ஏன்?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கம் அண்டார்டிகாதான் இருக்கு. இடையில ஒரு வேலி கூட கிடையாது. எதுக்கும் கேட்டு வெப்போமேன்னு. வர்ற செவ்வாய் இல்ல, அதுக்கடுத்த செவ்வாய் காங்கிரீட் ஊத்தறோம். ஊத்திட்டா அப்புறம் திருப்ப முடியாது பாரு, அது தோசை இல்ல."

அவர் சொன்னது தோசை அல்ல, பான்கேக். ஆனால் பொருள் அதுதான்.

ரோவேனா மென்பொருளைத் திறந்து பார்த்தாள். அந்த மென்பொருள் பிறந்தது வட அரைக்கோளத்தில் உள்ள ஒரு நகரத்தில். பிப்ரவரியில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது, எல்லா வீடுகளையும் தன் பிறந்த ஊருக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டது. அந்த ஊரில் சூரியன் தெற்கே இருக்கும். ஜூலை நடுக்கோடை. நெவிலின் தேன்வெயில் அங்கே இருந்து வந்ததுதான். தாஸ்மேனியாவில் ஜூலையில் சூரியன் வடக்கே, மரங்களின் இடுப்பளவுக்கு மட்டும் எழும்பிவிட்டுப் போகும்.

இடத்தின் பெயரை மாற்ற நாற்பது விநாடி ஆனது. வெயிலறை படத்தில் கிணற்றின் அடிபோல் இருண்டது.

இந்த இடத்தில் பொறுப்பற்ற ஒருத்தி என்ன செய்திருப்பாள்? நெவிலைத் தொலைபேசியில் கூப்பிட்டிருப்பாள். ரோவேனா அப்படிப்பட்டவள் அல்ல. மென்பொருள் கோளாறுகள் 'உதவி மையத்துக்கு' எழுத்துமூலம் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது நிறுவன விதி. தெரிவித்தாள்.

'சூரியன் தவறான திசையில் உள்ளது.'

சனிக்கிழமை பதில் வந்தது: 'சிரமத்துக்கு வருந்துகிறோம். கணினியை அணைத்துவிட்டு மீண்டும் இயக்கவும். இப்போது சூரியன் சரியாகிவிட்டதா?'

ரோவேனா அணைத்து இயக்கினாள். சன்னலுக்கு வெளியேயும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை: 'எங்கள் அலுவலகத்தில் சோதித்துவிட்டோம். சூரியன் தெற்கிலிருந்து சரியாகவே இயங்குகிறது. தங்கள் பகுதியில் வேறுவிதமாகத் தெரிந்தால் தங்கள் சூரியனைப் பரிசோதிக்கவும். தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

நான்கு கொடுத்தாள். மூன்று கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள்.

செவ்வாய்க்கிழமை டாரில் அவசரக் கூட்டம் கூட்டினார். பொருள்: 'சூரியன் தொடர்பாக எழுந்துள்ள நிலைமை'. மூன்று பேருக்கும் காப்பி வந்தது.

"இது மென்பொருள் பிரச்சினையா, வீட்டுப் பிரச்சினையா? முதல்ல அதை முடிவு பண்ணுவோம்" என்றார் டாரில்.

"மென்பொருள்தான்" என்றாள் ஜசிந்தா.

"அப்போ வீட்டுல தப்பில்ல."

"துளி தப்பில்ல."

ரோவேனா விரலைத் தூக்கினாள். "வரைபடத்தைப் புரட்டிட்டா போதும். ஒரே ஒரு பொத்தான்தான்."

சொற்கள் எல்லை மீறிவிட்டன. காது சிவந்தது.

"பொத்தான் ஒண்ணுதான் கண்ணு" என்றார் டாரில், அன்பாக. "நகராட்சிக்கு மறுபடியும் விண்ணப்பம், மூணு மாசம். கிளைவ் வேற வேலைக்குப் போயிடுவான். நெவில் என்னன்னு கேப்பாரு. நாம என்ன சொல்றது? சூரியன் எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியலைன்னா? இருபது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். வெளிய தலைகாட்ட முடியுமா?"

"அதோட" என்றாள் ஜசிந்தா, "அந்தப் படத்தை 'இயற்கை வெளிச்ச' விருதுக்கு அனுப்பியாச்சு."

"அப்போ படமும் தப்பில்ல."

"ஆனா டாரில், சரியான சூரியனை வெச்சா ரூம் இருட்டா இருக்கு" என்றாள் ரோவேனா.

"அதுக்குத்தான் குறிப்பு இருக்கே!" ஜசிந்தா சுவரில் ஒட்டியிருந்த 'படம் சிறக்கச் சில குறிப்புகள்' என்ற தாளைக் காட்டினாள். நான்காவது குறிப்பு: அறை இருண்டால், சன்னலுக்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத விளக்குகளை வைக்கவும்.

ரோவேனா ஏழு வைத்தாள். ஒன்று ஆற்றுக்கு நடுவே நின்றது. அறை மறுபடியும் தேனாயிற்று. இம்முறை இடமும் சரி, தேதியும் சரி. விளக்குகள் மட்டும்தான் இல்லாதவை.

வியாழக்கிழமை நெவில் பேருந்து பிடித்து வந்தார். திரைச்சீலை நிறம் தேர்ந்தெடுக்க. டாரில் தபால் நிலையத்துக்குப் போயிருந்தார். ஜசிந்தாவுக்குப் பல்வலி. அலுவலகத்தில் ரோவேனா மட்டும்.

"திரைச்சீலையே எதுக்குன்னு என் தங்கச்சி கேக்கறா" என்றார் நெவில். "வெயிலைப் பிடிக்கக் கட்டின ரூம்ல வெயிலை மறைக்கிற துணி. அவளுக்கும் மூளை இருக்கு, அப்பப்போ வேலை செய்யும்." சிரித்தார். வீங்கிய விரலால் கணினித் திரையில் இருந்த படத்தைத் தொட்டார். "இங்கதான் நாற்காலி போடப்போறேன். இது எத்தனை மணி வெயிலு?"

"பத்தரை" என்றாள் ரோவேனா.

"ஜூலையிலயா?"

"ஜூலையில."

"கையைக் காட்டினா விரல் விரியும்கிற. ம்?"

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். எண்ணிப் பார்த்தாள், ஆறு சொல் வந்தது. சுருக்கிப் பார்த்தாள்; நான்குக்கு வந்தது. அதற்குள் அவர் வெளிர்நீலத் துணியை எடுத்துவிட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரோவேனா பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் படத்தின் அமைப்புப் பெட்டியில் பதிவாகியிருந்தபடியே விடை தந்தாள். ஊழியர்களிடம் இத்தகைய துல்லியத்தைப் பார்ப்பது அரிது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காங்கிரீட் ஊற்றப்பட்டது. வீடு முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் 'இயற்கை வெளிச்ச' விருதும் கிடைத்தது. நடுவர் குழு மூவரும் படத்தை ஹோபார்ட்டில் ஒரு ஹோட்டலின் உள்ளரங்கத்தில் உட்கார்ந்து மதிப்பிட்டனர். அந்த அரங்கத்துக்குச் சன்னல் இல்லை. 'வெயிலோடு உரையாடும் வீடு' என்று எழுதினர்.

செய்தித்தாளுக்கு ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. வீட்டுக்காரர் விருதுப் பத்திரத்தை வெயிலறையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், சிரித்த முகமாக. ஜூலையில் ஒரு காலையில் டாரில் ரோவேனாவை அனுப்பினார்.

வெயிலறையில் யாரும் இல்லை. கண்ணாடி முழுக்க உள்பக்கம் வியர்த்திருந்தது. நாற்காலியின் மேல் ஒரு பெரிய மீன் துண்டு காகிதத்தில் சுற்றிக் கிடந்தது.

"பின்னாடி வா!" என்று குரல் கேட்டது.

வீட்டின் வடக்குப் பக்கம். சலவையறைக் கதவுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் மீன்பெட்டியின் மேல் நெவில் உட்கார்ந்திருந்தார். கம்பளித் தொப்பி. கைகள் இரண்டையும் வெயிலில் விரித்து வைத்திருந்தார், துணி காயப்போடுவதுபோல.

"அட, நீயா! உட்காரு கண்ணு." நகர்ந்து பாதி பெட்டியைக் கொடுத்தார். பாதி வெயிலையும். "ஒண்ணரை மணி வரைக்கும் இங்க அடிக்கும். வியாழக்கிழமை தொட்டியை ரோட்டுக்கு இழுத்துட்டா இன்னும் கொஞ்சம் கிடைக்கும்."

"அந்த ரூம்?"

"அருமையான ரூம். ஃபிரிட்ஜை வித்துட்டேன்."

பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றினார். இரண்டு கைகளாலும் பிடித்து நீட்டினார். அப்படியும் கொஞ்சம் சிந்தியது. அவள் வாங்கிக்கொண்டாள். விருதுப் பத்திரம் அவள் மடியில் இருந்தது.

"உங்க மேல எனக்குக் கோபமில்ல" என்றார் நெவில். "கடல்ல சூரியனைப் பாத்துத்தான் திசை புடிச்சேன், முப்பத்தோரு வருஷம். நானே அந்தப் படத்தைப் பாத்ததும் மயங்கிட்டேன். அவ்வளவு பெரிய கம்ப்யூட்டரு, கணக்குப் போடாமலா இருக்கும்னு. டாரில் கவனிக்கல. கிளைவ் கவனிக்கல. எல்லாரும் மனுஷங்கதானே. நீயோ சின்னப் பொண்ணு, சொல்றதைச் செய்யறவ." பிளாஸ்கிலிருந்தே ஒரு மடக்குக் குடித்தார். "காங்கிரீட் ஊத்தினப்புறம்தானே உனக்கும் தெரிஞ்சிருக்கும்?"

"இல்ல" என்றாள் ரோவேனா.

"பின்னே? ஊத்தற அன்னைக்கா?"

ரோவேனா அறிவியல் படித்தவள். எண்ணைத் தோராயமாகச் சொல்ல அவளுக்கு வராது.

"பதினோரு நாள் முன்னாடி."