போர்டு எழுதும்போது இஞ்சி இருந்தது

எழுதி வைத்திருக்கும் எதையும் நம்பாமலேயே பெரம்பலூரில் காலம் தள்ளிய ஒரே மனிதர் எங்கள் ‘இருக்கா சார்’தான். உரக்கடை மாடியில் இருந்த எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸில் அவர் சீனியர் புரோகிராமர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை.

கீழே டீக்கடையில் ஒருநாள் ஆரம்பித்தார்.

“அண்ணே, இஞ்சி இருக்கா?”

“போர்டுலயே இஞ்சி டீன்னு போட்டிருக்கே சார்.”

“அது போர்டு எழுதும்போது இருந்துச்சு. இப்ப இருக்கா?”

கடைக்காரர் டப்பாவைத் திறந்து பார்த்தார். இல்லை. சார் வெறும் டீயை விருந்து மாதிரி ரசித்துக் குடித்தார்.

பஸ்ஸிலும் இதே கதைதான். அரியலூர் போர்டு மாட்டிய பஸ்ஸில் ஏறி, “இப்ப அரியலூர்தான் போகுதா?” என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர் போர்டை மாற்ற மறந்திருந்தார். பஸ் போவது குன்னத்துக்கு. சார் இறங்கிக்கொண்டார். முன்பே ஏறிப் பின் சீட்டில் தூங்கிய நான் குன்னத்து மக்காச்சோளக் காட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

“எழுப்பியிருக்கலாமே சார்?”

“உனக்கு குன்னத்துல வேலை இருக்கோ என்னமோன்னு நெனச்சேன் தம்பி.”

எல்லாம் தொழில் கொடுத்த புத்தி. புரோகிராமில் ஒவ்வொரு விதமான வேலைக்கும் நீளமாக ஓர் அடையாள எண் கொடுப்போம். எடை சொல்ல ஓர் எண், வாசல் கேட்டைத் தூக்க வேறோர் எண். புரோகிராம் ஓடும்போது எதிரில் இருக்கும் பொருளிடம் அந்த எண்ணைக் காட்டி, ‘இந்த வேலை உனக்குத் தெரியுமா?’ என்று கேட்கலாம். தெரியும் என்று சொன்னால்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். மனிதர்களிடமும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பது சாரின் கட்சி.

ஏலாக்குறிச்சியிலிருந்து ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்த அன்று, “எந்தத் தெரு, யாரு வூட்டுப் பொண்ணு?” என்று முதலாளி துருவினார். சார் கேட்டது ஒன்றுதான்.

“தப்பு கண்டுபிடிக்கத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்ப உக்காரும்மா.”

அவளுடைய முதல் வேலை, அரியலூரில் லாரி எடை மேடைக்கான புரோகிராம். வெள்ளோட்டத்தன்று முதலாளி உட்பட எல்லோரும் அங்கே போயிருந்தோம். சிமெண்ட் லாரி மேடையில் ஏறி நின்றது. ஜெசிந்தா எடை பட்டனை அழுத்தினாள். எடை வரவில்லை, கேட் தூக்கிக்கொண்டது. போகச் சொல்கிறார்கள் என்று நினைத்து டிரைவர் லாரியோடு கிளம்பிவிட்டார்.

“சாயங்காலத்துக்குள்ள எடை வரலைன்னா நாளைலேருந்து நீ வர வேணாம்மா,” என்றார் முதலாளி. ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாருக்கோ ஆர்வம் தாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘எடை சொல்லத் தெரியுமா?’ என்று அந்த வாசல் கேட்டையே விசாரிக்கும்படி ஒரு வரி எழுதி ஓட்டினார். ‘தெரியும்’ என்று திரையில் பதில் வந்தது.

“பாத்தியா, எப்படிப் புளுகுது.” அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எடை, கேட் இரண்டின் புரோகிராம் ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “சார், எடைக்கும் கேட்டுக்கும் ஒரே எண் இருக்கு.”

சார் இரண்டு எண்களையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் புது எண் போடுங்கள், நகல் எடுக்காதீர்கள் என்று தினமும் எங்கள் உயிரை வாங்கியவர் அவர். அந்த இரண்டு ஃபைல்களையும் அவளுக்கு எழுதிக் கொடுத்தவரும் அவரே. எடை ஃபைலை நகல் எடுத்துக் கேட் ஃபைல் செய்தவர், எண்ணை மாற்ற மறந்திருந்தார். ஊரையெல்லாம் கேள்வி கேட்டவர் தன் ஃபைலை மட்டும் கேட்காமல் நம்பிவிட்டார்.

நேராக முதலாளியிடம் போனார். “தப்பு என்னோடது. கண்டுபிடிச்சது இந்தப் பொண்ணு. அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க.”

கேட்டுக்குப் புது எண் போட்டோம். லாரி திரும்பி வந்து ஏறியது. எடை வந்தது. முதலாளி யாரையும் அனுப்பவில்லை.

சார் இப்போது திருச்சியில் வேறு வேலையில் இருக்கிறார். அவ்வப்போது போன் வரும்.

“ஆபீஸ் அங்கயே இருக்கா?”

“இருக்கு சார்.”

“ஜெசிந்தா?”

“இப்ப அவங்கதான் சீனியர்.”

“நீ இருக்கியா தம்பி?”

போனில் பேசிக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் பதில் தெரிந்தாக வேண்டும் என்று என்னைக் கேட்கிற ஆள் எனக்கு அவர் ஒருவர்தான்.

“இருக்கேன் சார்,” என்பேன். அதற்கப்புறம்தான் போனை வைப்பார்.