எந்திரிக்காதிய, இலையை மூடாதிய

விக்கிரமசிங்கபுரம்

அன்பு மைத்துனன் மகேஸ்வரனுக்கு அத்தான் தாணுமாலையன் எழுதுவது. நானும் உன் அக்கா உலகம்மாளும் நலம். சாத்தான்குளத்தில் நீயும் சொர்ணாம்பாளும் நலமாயிருக்க நெல்லையப்பர் துணை.

மதுமதி கல்யாணம் உறுதியாகிவிட்டது. இதை எழுதிய பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது. ஸ்பெயினில் அவள் விரும்பிய பையனின் தாயார் பிலார் அம்மாள், நம் வீட்டைப் பார்க்க ஒரு வாரம் வந்திருக்கிறார். கூட வர நம் மதுமதிக்கு லீவு இல்லை. "அவுக மனசு கோணாமப் பாத்துக்கிடுங்கப்பா, கல்யாணமே அவுக கையிலதான் இருக்கு" என்று போனில் சொன்னவள், ஸ்பானியத்தில் என்ன கற்றுத்தரட்டும் என்று கேட்டாள். ‘செய்யாதீர்கள்’ என்று சொல்ல மட்டும் கற்றுக்கொடு என்றேன். பின்னே, விருந்தாளியிடம் நாம் வேறென்ன பேசுகிறோம்? கூச்சப்படாதிய, எந்திரிக்காதிய, போதும்னு சொல்லாதிய. நம் உபசாரம் அவ்வளவுதானே.

விஷயம் சுலபம்தான். ஒழுங்கான வினைச்சொல் ‘ஆர்’ என்று முடிந்தால் அதை வெட்டிவிட்டு ‘ஏ’ போட வேண்டும். ‘ஏர்’, ‘ஈர்’ என்றால் ‘ஆ’. முன்னால் ஒரு ‘நோ’. அடங்காத வினைகளும் உண்டாம், அந்தத் தெருப்பக்கமே நான் போகவில்லை.

நேற்று சொதி விருந்து. பிலார் அம்மாள் எழப் போனார். "நோ செ லெவான்டே" என்றேன், எந்திரிக்காதிய என்று. உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களைப் பார்த்து இலையை மடிக்கப் போனார். "நோ டோப்ளே லா ஓஹா" என்றேன், இலையை மூடாதிய என்று. மூடவில்லை. நம் ஆட்கள் யாராவது இதையெல்லாம் கேட்பார்களா? இவர் கேட்டுவிட்டார். இலை திறந்திருந்தால் உன் அக்கா சும்மா இருப்பாளா, சோறு, சொதி, இஞ்சிப் பச்சடி, மறுபடியும் சோறு, அந்த அம்மாளும் முகம் சிவக்கச் சிவக்க உத்தரவை மீறாமல் தின்றுகொண்டே இருந்தார். "ஏங்க, அவுக கண்ணு கலங்குதே, என்னத்தச் சொல்லித் தொலைச்சிய?" என்றாள் உலகம்மாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகள் கல்யாணம் இந்த இலையோடு போயிற்று என்று நினைத்து, சொதி வாளியும் கையுமாக நின்று அழுதுவிட்டேன்.

பிலார் அம்மாள் தானாகவே எழுந்து, வாளியை வாங்கிக் கீழே வைத்து, "நோ யோரே" என்றார். அழாதீர்கள். ஒழுங்கான வினைதான், உடனே புரிந்துவிட்டது. பிறகு மதுமதியைப் போனில் கூப்பிட்டு, இந்த வீட்டுப் பெண்தான் தனக்கு மருமகள் என்றாராம்.

நாளைக் காலை கிளம்புகிறார். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம், கல்யாணத்துக்கு வந்தால் போதும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தாணுமாலையன்

பின்குறிப்பு: காலையில் பெட்டியோடு வாசலில் நின்றவரிடம் முறைக்கு ஒரு வார்த்தை, "நோ செ மார்ச்சே" என்றேன், போகாதிய என்று. டிக்கெட்டை ஒரு மாதம் தள்ளிப்போட்டுவிட்டு, துணிகளைப் பீரோவில் அடுக்கிக்கொண்டிருக்கிறார். உலகம்மாளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சொர்ணாம்பாளைக் கூட்டிக்கொண்டு உடனே வா. ‘போய் வாருங்கள்’ என்பது அடுத்த பாடமாம். மதுமதி இன்னும் நடத்தவில்லை.