கருப்பட்டி வைத்து ஒட்டிய துடுப்புகள்

என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒரு பொய். அதையும் வாயைத் திறந்து சொல்லவில்லை. திறக்காமல் இருந்தே செய்து முடித்தேன். எங்கள் அக்கா வீட்டில் இன்றுவரை எறும்பு மருந்து வாங்குவதில்லை என்றால் அதற்குக் காரணம் அடியேன்தான்.

எழுபதுகளின் நடுவில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பை முடித்துவிட்டு, துறைமுகத்தை ஒட்டிய முத்தையாபுரத்தில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சான்றிதழ் வந்துவிட்டது. அறிவு இன்னும் தபாலில் இருந்தது. வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு மூன்று வேளையும் அக்கா கையால் சாப்பிட்டேன். வீட்டில் அக்கா, அவளுடைய கைக்குழந்தை, அவளுடைய மாமியார், அப்புறம் நான். அத்தான் இல்லை. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர், எங்கோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அங்கேயே புதைத்துவிட்டார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், அதில் மேலாகக் கிடந்த ஒரு வெள்ளைச் சட்டையும்தான்.

அக்காவின் மாமியாரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்கு ஒரே கவலை. "ஏளா, அந்நிய மண்ணுல கெடக்கான். வீட்டுக்கு வர அவனுக்கு வழி தெரியுமா?" என்று அக்காவிடம் தினமும் கேட்பார். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போய்விடுவாள்.

முதல் வருசப் படையல் ஒரு சனிக்கிழமை அமாவாசையில் வந்தது. உடம்பைக் கண்ணால் பார்க்காத சாவு என்பதால், அவர் போட்டிருந்த சட்டையைப் பலகையில் வைத்துப் படைக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். காக்கா வந்து சோற்றைத் தொட்டால் மகன் வந்துவிட்டான். தொடாவிட்டால் வரவில்லை. அதற்குமேல் அவரிடம் பேச்சில்லை.

சட்டையைத் துவைக்க வேண்டும். வெளுக்கப் போட்டால் கல்லில் அடிப்பார்கள் என்று அக்கா மறுத்துவிட்டாள். அத்தான் கடைசி லீவில் கொண்டுவந்த மெஷினில்தான் துவைக்க வேண்டும் என்று நின்றாள்.

அது எங்கோ வாங்கிக் கப்பலில் ஏற்றி வந்த பழைய வாஷிங் மெஷின். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவுக்கு அதைக் கொண்டுவந்தவர் எங்கள் அத்தான். (ஆசைக்குக் குழாய் தெரியுமா என்ன?) உள்ளே சுற்றுகிற டிரம்மில், துணியைத் தூக்கித் தூக்கிப் போட மூன்று தகரத் துடுப்புகள். மூன்றும் லொடலொடவென்று ஆடின. "அடுத்த லீவுல வந்து முறுக்கித் தாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மெஷின் அப்படியே கிடந்தது.

"அக்கா, நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

(அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாருக்கும் விடை தெரியாது.)

உப்புக் காற்று ஸ்க்ரூக்களைத் தின்றிருந்தது. முதல் ஸ்க்ரூவைத் திருகியதும் தலை மட்டும் கையோடு வந்தது. புத்தியுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் வரிசையாக எல்லாத் தலைகளையும் எடுத்தேன். முன்பு ஆடிக்கொண்டிருந்த துடுப்புகள் இப்போது கழன்று என் மடியில் கிடந்தன.

இரும்புக் கடை அண்ணாச்சி ஒரு துடுப்பைத் திருப்பிப் பார்த்தார். "எவர்சில்வர் போல்ட்டு வேணும்டே. திங்கக்கிழம சரக்கு வரும். அதுவர கைய வச்சிக்கிட்டுச் சும்மா இரி."

சும்மா இருக்க முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எங்களுக்குச் சொந்த ஊர் உடன்குடி. அப்பா கருப்பட்டி வியாபாரி. மூட்டை அடுக்கும் எங்கள் கிட்டங்கிச் சுவர், சுண்ணாம்பில் கருப்பட்டிப் பாகு ஊற்றிப் பூசியது. அதில் ஆணி இறங்காது. வெள்ளைக்காரன் செய்த மெஷினுக்கு உடன்குடி வைத்தியம் என்று முடிவெடுத்தபோது எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. சுண்ணாம்பு, கருப்பட்டிப் பாகு, இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. குழைத்து அப்பி, மெஷினைப் புறவாசலுக்கு இழுத்து, வியாழக்கிழமை முழுக்க வெயில் காட்டினேன். சாயங்காலம் தட்டிப் பார்த்தேன். கல்தான். எறும்பு ஒரு வரிசையாக மெஷினுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஊதிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில், பிடித்துவைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி, அந்த ஒற்றைச் சட்டையை உள்ளே போட்டாள் அக்கா. டிரம் சுற்றியது. சத்தமே இல்லை. அவள் மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே, அவுஹளே வந்து முறுக்குன மாதிரி இருக்குல" என்றாள். ஒரு வருசத்தில் அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

அந்த மெஷின் தண்ணீரைத் தானே சூடாக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. பத்து நிமிசத்தில் கண்ணாடிக்குள் தண்ணீர் கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வந்தது. பிறகு ஒரு 'டங்'. பிறகு மூன்று துடுப்புகளும் விடுதலையாகி உள்ளே உருண்ட சத்தம். நான் பாய்ந்து சுவிட்சை அணைப்பதற்குள், தகர விளிம்பில் மாட்டிய சட்டை தோளிலிருந்து முதுகுவரை கிழிந்திருந்தது. வெள்ளை போய்விட்டது. துருவும் கருப்பட்டியும் சுண்ணாம்புக் கட்டியுமாக அதை வெளியே எடுத்தேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மீதி இருந்த ஒரு குடம் தண்ணீரில் அதை அலசினாள். கறை பாதிகூடப் போகவில்லை. குழாயில் அடுத்த தண்ணீர் படையல் முடிந்துதான் வரும். பிசுபிசுப்போடு காயப்போட்டு, மறுநாள் கிழிசல் உள்ளே போகும்படி மடித்துப் பலகையில் வைத்தாள். கண் மங்கிய அத்தை தடவிப் பார்த்துவிட்டு, "வெளுப்புப் பத்தாதேளா" என்றார். நான் அடுப்படிக்குப் போய் ஒளிந்துகொண்டேன்.

காக்கா வரவில்லை. துறைமுகத்தில் மீன் கிடைக்கிற காக்காவுக்கு எங்கள் வீட்டு உளுந்தவடை எம்மாத்திரம்? மொட்டைமாடியில் சோற்றை வைத்துவிட்டு நின்று நான் 'கா கா' என்று கத்திய கத்தலில், இருந்த இரண்டும் பறந்துபோயின. மணி ஒன்று, இரண்டு. வந்திருந்த சொந்தக்காரர்கள் பசியோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படையலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தை ஒரு கட்டத்தில் மெல்ல எழுந்தார்.

"வரல. எம் மவனுக்கு வழி தெரியல."

அந்தச் சட்டையைக் கெடுத்த பாவம்தான் காக்காவைத் தடுத்துவிட்டது என்று நான் சத்தியமாக நம்பினேன். அந்த நிமிசம் செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

எழுந்த அத்தை அப்படியே குனிந்தார். முகத்தைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நிலைப்படியிலிருந்து ஒரு கறுப்பு வரிசை. வடையைச் சுற்றி, பாயசத்தைத் தாண்டி, பலகையில் ஏறி, நேராகச் சட்டைப் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏளா! இங்கன பாரு! பாயசத்தத் தொடல. வடையத் தொடல. அவஞ் சட்டய அடையாளங் கண்டு போறாம் பாரு! எம் மவன் வந்துட்டாம்ளா!"

"அத்த, அது கருப்..." என்று நான் ஆரம்பித்தேன். அக்கா என் காலை மிதித்தாள். அந்த மிதியில் போன கட்டைவிரல் நகம் இன்றுவரை நேராக முளைக்கவில்லை.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்றார். ஒரு வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு அவர் இருந்தவரை, அமாவாசை தவறாமல் நிலைப்படியில் கருப்பட்டியைத் தூளாக்கி வைத்தார். வீட்டில் யாரும் எறும்பை மிதிக்கக் கூடாது. அக்காவின் மகள் வளர்ந்து, கட்டிக்கொடுத்து, இப்போது அவள் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் நிலைப்படியில் குனிந்து, "தாத்தா வாரார், வழி விடுங்க!" என்று கத்துகிறார்கள். வீடே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன், கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு.

அத்தை இறந்த வருசம் அக்காவிடம் கேட்டேன். "இனிமேலாவது பிள்ளையள்ட்ட உண்மையச் சொல்லிரலாமாக்கா?"

கருப்பட்டியை இடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"சொல்லி? அவுஹளத் திரும்ப அந்த அந்நிய மண்ணுலயே கொண்டு விடச் சொல்லுதியா?" என்றாள். பிறகு தூளை என் கையில் கொட்டி, "போ, நிலைப்படியில வையி" என்றாள்.

வைத்தேன்.